இரு சக்கரங்களும் இரண்டு நொடிகளும்

மோட்டார் சைக்கிள் நிற்கும்போது விழக்கூடியது. ஓடும்போது நிலைத்து நிற்கக்கூடியது. சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கையை விட்டால் அடுத்த கணமே சாய்கிறது. அதே வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஓட்டுபவர் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும் நேராகவே ஓடுகிறது. காரை நான்கு சக்கரங்கள் தாங்குகின்றன. மோட்டார் சைக்கிளை அதன் ஓட்டமே தாங்குகிறது. சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு ரப்பர் மட்டுமே. வேகமெடுப்பது, திரும்புவது, நிறுத்துவது எல்லாம் அந்த ரப்பரின் பிடிக்குள்தான் நடந்தாக வேண்டும்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ 75,000 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதாவது, இறந்த 100 பேரில் 44 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன; எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம். அந்த விபத்துகளில் 17,884 பேர் உயிரிழந்தனர்.

இந்த விபத்துகள் எப்படி நடக்கின்றன என்பதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி ஹர்ட். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் முக்கியமான முடிவு ஒன்று: ஆபத்து தெரியத் தொடங்கிய நொடியிலிருந்து மோதல் வரை, ஓட்டுபவருக்குப் பொதுவாக 2 நொடிக்கும் குறைவான நேரமே கிடைத்தது. அந்த 2 நொடிக்குள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முன்பே பழகிய கையும், முன்பே விட்ட இடைவெளியும், முன்பே மாட்டிய தலைக்கவசமும்தான் அப்போது உதவும். பாதுகாப்பான ஓட்டத்தின் அறிவியல் முழுவதும் இந்த 2 நொடியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

சமநிலையும் சாய்வும்

ஓடும் வண்டி ஏன் விழுவதில்லை என்ற கேள்விக்கு, சுழலும் சக்கரம் பம்பரம் போலத் தன் அச்சைக் காத்துக்கொள்கிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை. அது ஒரு பகுதி மட்டுமே. முன்சக்கரம் சாலையைத் தொடும் புள்ளி, ஹேண்டில்பாரின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்புவதற்கு இந்த அமைப்பும் உதவுகிறது. விழும் திசையிலேயே சக்கரம் திரும்புவதால் வண்டி மீண்டும் நிமிர்கிறது. 2011-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து, பம்பர விளைவும் இந்தப் பின்தள்ளிய அமைப்பும் இரண்டுமே இல்லாத ஒரு சோதனை மிதிவண்டியைச் செய்து ஓடவிட்டனர். அதுவும் விழாமல் ஓடியது. எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் சமநிலைக்குக் காரணமாகிறது என்பது அதனால் உறுதியானது.

மோட்டார் சைக்கிளைத் திருப்பும் முறையில் ஒரு வியப்பு உண்டு. நடைவேகத்தைத் தாண்டி ஓடும் வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால், ஹேண்டில்பாரின் இடக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்த வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகே இடப்பக்கம் திரும்புகிறது. அனுபவமுள்ள எல்லோரும் தெரியாமலேயே செய்யும் செயல் இது. ஆனால் தெரியாமல் செய்வது நெருக்கடியில் கைகொடுப்பதில்லை. திடீரென்று குறுக்கே மாடு வரும்போது, பயந்தவர் ஹேண்டில்பாரைத் தப்ப நினைக்கும் பக்கத்துக்கே வெடுக்கென்று திருப்புவார். வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து மாட்டை நோக்கியே போகும். ஆளில்லாத மைதானத்தில் குறைந்த வேகத்தில் இதைத் தெரிந்தே பழகியவருக்கு இந்தக் குழப்பம் நேராது.

வளைவில் டயரிடம் எவ்வளவு பிடி தேவை என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 30 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வண்டி ஏறத்தாழ 19 பாகை சாய வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடி தேவை. அதே வளைவில் வேகம் 54 ஆனால் சாய்வு 37 பாகை. தேவைப்படும் பிடி எடையில் முக்கால் பங்கு. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் தேவை இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. காய்ந்த தார்ச்சாலை முக்கால் பங்குப் பிடியைக் கொடுக்கும், ஆனால் அதற்கு மேல் கையிருப்பு மிகக் குறைவு. நனைந்த சாலை அதைக் கொடுக்காது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கு மட்டுமே போதுமான பிடியில் நிறுத்துவதும் பங்கு கேட்கிறது. இரண்டுக்கும் போதாமல் டயர் வழுக்குகிறது.

நிறுத்தும் தூரம்

ஒருவர் ஆபத்தைப் பார்த்து, அது ஆபத்து என்று மூளை உணர்ந்து, கையும் காலும் பிரேக்கைத் தொடுவதற்குக் குறைந்தது ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக், நல்ல டயருடன் நிற்க இன்னும் 20 மீட்டர் தேவை. மொத்தம் 37 மீட்டர். வேகம் 40 என்றால் மொத்தம் 20 மீட்டர் போதும். 80 என்றால் 58 மீட்டர். வேகம் 40-இலிருந்து 80-க்கு இரட்டிக்கும்போது, பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் 9 மீட்டரிலிருந்து 36 மீட்டருக்கு, அதாவது நான்கு மடங்காகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதே காரணம். மழையில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

முன் செல்லும் வண்டியிலிருந்து விட வேண்டிய இடைவெளியை மீட்டரில் அளக்க வேண்டியதில்லை. முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்த பிறகு, அதே கம்பத்தைப் பின்வண்டி அடைய 2 நொடியாவது ஆக வேண்டும். மழையில் 4 நொடி. எந்த வேகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் சாலையில் அழுந்துகிறது, பின்சக்கரம் லேசாகிறது. அழுந்திய டயருக்கே பிடி அதிகம் என்பதால், பலமாக நிறுத்தும்போது வேலையின் பெரும்பகுதியைச் செய்வது முன்பிரேக்தான். முன்பிரேக் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து பின்பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அப்படி ஓட்டுபவர் வண்டியின் நிறுத்தும் திறனில் பாதிக்கும் மேலானதைப் பயன்படுத்தாமலே விடுகிறார். சரியான முறை, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, முன்பிரேக்கின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. வெடுக்கென்று பிடித்தால் எடை முன்னால் வந்து சேரும் முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட முன்சக்கரம் சமநிலையைத் தர முடியாது. வண்டி கணத்தில் படுத்துவிடும்.

ஏபிஎஸ் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். சக்கரத்தின் சுழல் வேகத்தை ஓர் உணரி இடைவிடாமல் அளக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும், பிரேக்கின் அழுத்தம் ஒரு நொடிக்குள் பல முறை தளர்ந்து, மீண்டும் ஏறுகிறது. மோட்டார் சைக்கிளில் இதை 1988-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ், 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயமானது. அதற்குக் குறைந்த திறன் கொண்ட வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களிலும் வேலை செய்யும் சிபிஎஸ் வந்தது. ஏபிஎஸ் சாலையின் பிடியைக் கூட்டுவதில்லை; இருக்கும் பிடியை வீணாக்காமல் காக்கிறது. வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தவரை அது காப்பாற்றாது.

கண்ணில் படாத வண்டி

ஹர்ட் அறிக்கையின்படி, விபத்துகளில் நான்கில் மூன்று வேறொரு வாகனத்துடன் நடந்த மோதல்கள். அவற்றில் மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய மற்ற வாகன ஓட்டி வழிவிடவில்லை. அவர்களில் பலர் சொன்ன விளக்கம், வண்டி வந்ததைப் பார்க்கவே இல்லை என்பதுதான். அது பெரும்பாலும் பொய்யில்லை.

மனிதக் கண்ணின் கூர்மையான பார்வை, கையை நீட்டிப் பிடித்த கட்டைவிரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குள் அடங்கிவிடும். மற்ற இடமெல்லாம் மங்கலே. சந்திப்பில் நிற்பவர் இடமும் வலமும் பார்க்கும்போது கண் தொடர்ந்து நகர்வதில்லை. தாவித் தாவிப் போகிறது. தாவும் நேரத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. ஒல்லியான மோட்டார் சைக்கிள் அந்த இடைவெளியில் விழுந்துவிடலாம். காரின் முன்கண்ணாடித் தூணும் அதை முழுதாக மறைத்துவிடும்.

பார்த்தாலும் தொலைவைக் கணிப்பது கடினம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 100 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கு வர 3 நொடி ஆகிறது. அதற்குள் கண்ணில் அதன் உருவம் இரண்டு மடங்காகிறது. அடுத்த முறை இரட்டிக்க ஒன்றரை நொடியே போதும். அதற்கடுத்த முறை முக்கால் நொடி. தொலைவில் மெல்ல வளர்ந்த உருவம் அருகில் வந்ததும் திடீரென்று பெருக்கிறது. சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவே மூளை எண்ணும் என்பதால், காரைவிட மோட்டார் சைக்கிள் தாமதமாக வந்து சேரும் என்று தவறாகக் கணிக்கப்படுகிறது.

ஆகவே தன்னைக் காட்டிக்கொள்வது இரு சக்கர ஓட்டியின் பொறுப்பாகிறது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இரு சக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிவது இதற்காகத்தான். வெளிர் நிறச் சட்டை, தலைக்கவசத்தில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை, முன்கூட்டியே போடும் இண்டிகேட்டர் ஆகியவையும் உதவும். சந்திப்பை நெருங்கும்போது பிரேக் மேல் விரல்களை வைத்திருந்தால் எதிர்வினை நேரத்தில் ஒரு பகுதி மிச்சமாகும்.

லாரி, பேருந்துகளின் அருகில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றின் ஓட்டுநருக்கு வண்டியின் இடப்பக்கத்திலும் பின்னாலும் பெரும்பரப்பு தெரியாது. நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கம் ஒட்டிக் குறுக்காக வருகின்றன. லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே தெரியும் இடைவெளி, அது திரும்பத் தொடங்கியதும் மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் புகுவதைப் போன்ற ஆபத்தான செயல் நகரச் சாலையில் வேறில்லை.

சாலையும் வண்டியும்

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் சாலை மிக அதிகமாக வழுக்கும். பல வாரங்களாகப் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர்த் துகளும் நீரோடு கலந்து மெல்லிய படலமாகின்றன. நல்ல மழை அதைக் கழுவிய பின் பிடி ஓரளவு திரும்புகிறது. சாலையின் வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், ரயில்வே கேட் தண்டவாளங்கள் ஆகியவை நனைந்தால் தார்ச்சாலையைவிட அதிகம் வழுக்கும். தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். லாரிகளிலிருந்து சிந்திய மணல், அறுவடைக் காலத்தில் சாலையில் காயவைத்த தானியம், வண்ணம் பூசாத வேகத்தடை ஆகியவை நம் சாலைகளுக்கே உரிய ஆபத்துகள். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். குழியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் குழியில்தான் சக்கரம் இறங்கும். தப்பிக்கும் வழியைப் பார்க்கப் பழக வேண்டும்.

வண்டியைப் பரிசோதிக்கச் சில நிமிடங்கள் போதும். வாரம் ஒரு முறை டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றும் வடிகால்கள். அவை தேய்ந்த டயர், நீர் தேங்கிய சாலையில் மிதக்கத் தொடங்கும். செயினின் தொய்வு, பிரேக்கின் பிடிப்பு, பின்விளக்கு, ஹாரன் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் நிறுத்தும் தூரமும் சமநிலையும் மாறும். பின்னிருக்கையில் அமர்பவரின் புடவை முந்தானை, துப்பட்டா ஆகியவற்றைச் சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்வது அவசியம். பின்சக்கரத்தை மூடும் காப்பும் கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம்பெற்றிருப்பது அவருக்காகவே.

தலைக்கவசம்

அரேபியாவின் லாரன்ஸ் என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்துத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு நினைவு திரும்பாமலே ஆறு நாளில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்த இறப்பு அவரை ஆராய்ச்சியில் இறக்கியது. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள் பயணிகள் இறந்ததை 1941-இல் அவர் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. தலைக்கவசம் அணிந்து அடிபட்டவர்கள் அவர் பார்வைக்கு வந்தது ஏழு பேர் மட்டுமே. ஏழு பேரும் பிழைத்தனர். பிரிட்டன் தன் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது கட்டாயமாக 1973 வரை ஆயிற்று.

தலைக்கவசம் காக்கும் முறை எளிமையானது. வண்டியில் அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் தலை, தரையில் பட்டு 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், புவியீர்ப்பைப் போல 750 மடங்கு விசை அதன் மேல் பாயும். அதே தலை 20 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் 75 மடங்கு மட்டுமே. கடினமான ஓடு அடியைப் பரப்புகிறது; உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரைப்பஞ்சு நசுங்கி, அந்த 20 மில்லிமீட்டரைத் தருகிறது. ஒரு முறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே விபத்தில் அடிவாங்கிய தலைக்கவசம் வெளியே பழுதில்லாமல் தெரிந்தாலும் மாற்றப்பட வேண்டும்.

நல்ல தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 40 சதவீதமும், தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 70 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு. இந்தியாவில் 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். வாங்கும்போது ஐஎஸ் 4151 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்க்க வேண்டும். முகவாயையும் மூடும் முழுக் கவசமே சிறந்தது. அணிந்து தலையை ஆட்டினால் கன்னத்தோலும் கூடவே அசையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டையைப் பூட்டாத கவசம் முதல் அடிக்கு முன்பே கழன்று பறந்துவிடும்; பெட்ரோல் டேங்க் மேல் கிடக்கும் கவசத்துக்கும் அதற்கும் பயனில் வேறுபாடில்லை.

ஓட்டுபவரின் பொறுப்பு

மது, சமநிலையையும் எதிர்வினை நேரத்தையும் ஒருசேரக் கெடுக்கிறது. தன்னால் ஓட்ட முடியுமா என்று முடிவெடுக்கும் மூளைப் பகுதியையே அது முதலில் மங்கவைப்பதால், குடித்தவருக்குத் தன் நிலை தெரிவதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் இந்தியச் சட்டப்படி குற்றம். தூக்கக் கலக்கமும் இதே விதமாக வேலை செய்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் கைபேசியை 2 நொடி பார்த்தால், 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகவே பொருள். காதுக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே செருகிப் பேசுவதும் கவனத்தைப் பிரிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் உண்டு. பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது 128-ஆம் பிரிவு. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பட்டையால் பிணைத்து, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் செல்ல வேண்டும் என்ற விதி 2022-இல் வெளியானது. உரிமம் இல்லாத சிறுவனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்குச் சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் பாசத்துக்கு இடமில்லை.

விபத்துக்குப் பின்

அத்தனை முன்னெச்சரிக்கையையும் தாண்டி விபத்து நடந்துவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் உயிரின் எல்லையாகிறது. முதலில் பின்னால் வரும் வாகனங்களை எச்சரிக்க வேண்டும்; பிறகு 108-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. மூச்சு தடைபட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. கழற்றியே தீர வேண்டுமானால் ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றொருவர் மெல்லக் கழற்ற வேண்டும். தண்ணீரோ சோடாவோ கொடுக்கக் கூடாது.

உதவினால் வழக்கில் சிக்கிவிடுவோம் என்ற அச்சத்துக்கு இனி இடமில்லை. உதவியவரைச் சாட்சி சொல்லவோ பெயர் தரவோ வற்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சாலையில் விழுந்து கிடப்பவரைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி 108-ஐ அழைப்பதும் பொறுப்பான ஓட்டத்தின் ஒரு பகுதியே.